நடுவில் இரண்டு பேர்

அம்மா அந்தக் கதையை எடுத்தால் மகள் பொட்டலத்துக்கு உடனே சமையலறையில் வேலை வந்துவிடும். பால் அடுப்பில் இருக்கிறது என்பாள். குழாயை மூடினேனா தெரியவில்லை என்பாள். ஒன்றும் தோன்றாவிட்டால் சும்மாவாவது எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவாள். இன்று நேற்றல்ல, முப்பது வருஷமாக இதே கூத்து.

கதை அப்படியொன்றும் பெரிய கதை இல்லை. அம்மா மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். பெருமையாகச் சொல்லிக்கொள்ள அவளுக்கு எத்தனையோ இருக்கும். ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும், டீ ஆறுவதற்குள் அவள் வந்து நிற்பது அந்த ஒரு வரிசையில்தான்.

“இவளை ஆறாவது சேர்க்கப் போனோம். எனக்கோ டியூட்டிக்கு நேரமாச்சு. வரிசை அனுமார் வால் மாதிரி நீளுது. அப்போ ஒரு பொண்ணு, இடுப்புல காய்ச்சல்ல துவண்டு கிடக்குற குழந்தை, கையில இன்னொண்ணு, வேர்த்து விறுவிறுத்து வந்து நிக்கிறா. பெரியவங்க நாங்க எல்லாரும் பார்த்தும் பார்க்காத மாதிரி நிக்கிறோம். இவ, பத்து வயசு, ‘அக்கா, எனக்கு முன்னாடி நில்லுங்க’ன்னு இடம் விட்டுட்டா. எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு. எம்பொண்ணுக்கு என்ன மனசுன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.”

கேட்பவர்கள் பொட்டலத்தைத் திரும்பிப் பார்ப்பார்கள். இந்த மனசு யாருக்கு வரும் என்பார்கள். அவள் ஜன்னலைச் சாத்தப் போயிருப்பாள்.

நடந்தது அத்தனையும் உண்மை, அம்மா ஒரு சொல் கூட்டிச் சொல்லவில்லை. அந்த மனசு என்கிறாளே, அது மட்டும்தான் பொய். அந்தப் பொய் தன்னைத் தவிர யாருக்கும் தெரியாது என்று பொட்டலம் நம்பிக்கொண்டிருந்தாள்.

இன்று அம்மா அதே கதையைப் பெரியம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். உலகத்தில் யாரிடம் சொல்லக்கூடாதோ அவளிடமே.

பெரியம்மா என்றால் உறவில் பெரியம்மா இல்லை. பொட்டலத்தைவிட மூன்று மாதம் சின்னவள். ஒன்றாம் வகுப்பிலேயே அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, யார் எங்கே உட்கார வேண்டும், யார் யாரோடு பேசக்கூடாது என்று வகுப்பையே மேய்த்ததைப் பார்த்து, டீச்சர்தான் “வாங்க பெரியம்மா” என்று கூப்பிட்டார். அன்றிலிருந்து அதுவே பெயராகிவிட்டது. அவளுக்கும் அதில் குறையொன்றும் இல்லை.

பொட்டலம் என்ற பெயரை வைத்தது பெரியம்மா. முதல் நாள் பள்ளிக்கு வந்தபோது இவளுக்குச் சளி. டியூட்டிக்குக் கிளம்புகிற அவசரத்தில் அம்மா ஒரு பழுப்புப் போர்வையைத் தலையோடு காலாகச் சுற்றி அனுப்பியிருந்தாள். மூக்கு மட்டும்தான் வெளியே தெரிந்தது. “என்னடி இது, பொட்டலம் மாதிரி?” என்று கேட்டுக்கொண்டே பெரியம்மா அதைப் பிரித்து, மூக்கைத் துடைத்துவிட்டு, தன் பெஞ்சில் வலது பக்கம் உட்கார வைத்துக்கொண்டாள். அதற்கு முன்னால் அந்தப் பெஞ்சில் இரண்டு பேர் உட்கார்ந்து பார்த்து, அழுதுகொண்டு எழுந்து போயிருந்தார்கள்.

அதற்குக் காரணம் பெரியம்மா இடதுகைக்காரி என்பதுதான். வந்தவர்கள் அவளுக்கு இடது பக்கம் உட்கார்ந்தார்கள். எழுத ஆரம்பித்தால் முழங்கையும் முழங்கையும் முட்டும், கோடு கோணலாகும், அடிதடியில் முடியும். பொட்டலம் வலது பக்கம் உட்கார்ந்ததும் சண்டைக்கு வேலையே இல்லாமல் போயிற்று. இவள் முழங்கை அந்தப் பக்கம், அவள் முழங்கை இந்தப் பக்கம். நடுவில் ஒரு சாண் பலகை சும்மா கிடந்தது. அந்த ஒரு சாணில்தான் ஐந்து வருஷமும் அவர்களுடைய பொதுச்சொத்து இருந்தது: பாதி அழிரப்பர், ஒரே ஒரு ஸ்கேல், தீப்பெட்டிக்குள் அடக்கமான ஒரு பச்சை வண்டு, கடித்துப் பங்கு போட்டதில் மிஞ்சிய புளிப்பு மிட்டாய்.

மூன்றாம் வகுப்பில் பொட்டலம் அம்மை போட்டு மூன்று வாரம் படுத்துவிட்டாள். திரும்பி வந்தபோது அவள் நோட்டில் மூன்று வாரப் பாடமும் எழுதியிருந்தது. குழந்தை கிறுக்கியது போல ஒரு கையெழுத்து. “உன் எழுத்து மாதிரி இருக்கணும்ல. அதான் வலது கையால எழுதினேன்” என்றாள் பெரியம்மா. இரண்டு நோட்டு, தினமும், ஒன்று இடது கையால், ஒன்று வலது கையால். டீச்சர் ஏமாறவில்லை. ஆனால் திட்டவும் இல்லை. அந்த நோட்டை இன்றும் பொட்டலம் எங்கே வைத்திருக்கிறாள் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுப்பாள். அப்படிப்பட்ட சிநேகிதி வாய்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். அதில் இரண்டு பேச்சுக்கு இடமில்லை.

பிறகு என்ன கேடு என்று கேட்பீர்கள். கேடு என்று சொல்ல முடியாது. டீச்சர் பொட்டலத்திடம் கேள்வி கேட்டால் பதில் பெரியம்மாவிடமிருந்து வரும். பொட்டலத்துக்குப் பசிக்கிறதா என்று பெரியம்மாவைத்தான் கேட்பார்கள். விளையாட்டில் யார் ஓடுவது, யார் உப்புக்குச் சப்பாணி என்பதும் அவள் முடிவுதான். அவள் வாயில் எப்போதும் ஒரு வாக்கியம் தயாராக இருக்கும்: “அவளுக்கு அதெல்லாம் வராது.” திமிராகச் சொல்லமாட்டாள். தன் குழந்தையைப் பற்றிச் சொல்வது போல, செல்லமாகத்தான் சொல்வாள். செல்லமாகச் சொன்னால் மட்டும் குத்தாதா என்ன?

ஐந்தாம் வகுப்பு ஆண்டு விழாவுக்குப் பாட்டு ஒப்பிக்க யார் வருகிறீர்கள் என்று டீச்சர் கேட்டார். பொட்டலம் அந்தப் பாட்டைக் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு வாரம் ஒப்பித்து வைத்திருந்தாள். ஒரு எழுத்து பிசகாது. கையைப் பாதி தூக்கிவிட்டாள். “அவளுக்கு வராது டீச்சர், பயந்துக்குவா” என்றாள் பக்கத்திலிருந்தவள். கை இறங்கிவிட்டது. மேடையில் பெரியம்மாதான் ஒப்பித்தாள், நடுவில் இரண்டு வரியை முழுங்கிவிட்டாள். கீழே உட்கார்ந்திருந்த பொட்டலம் அந்த இரண்டு வரியையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். வயிறு எரிந்தது. பொட்டலம் அதை அழுகை என்று நினைத்துக்கொண்டாள்.

அந்தப் பள்ளி ஐந்தாம் வகுப்போடு சரி. ஆறாவதுக்குப் பெரிய பள்ளிக்குப் போக வேண்டும். அங்கே ஆறாம் வகுப்பில் ஏ, பி என்று இரண்டு பிரிவு. யார் எந்தப் பிரிவு என்பதை மார்க் பார்த்துப் போடுவார்கள், இல்லை, உயரம் பார்த்து என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். பெரியம்மா ஊர்ப்பேச்சை நம்புகிறவள் இல்லை. அங்கே எட்டாவது படித்துக்கொண்டிருந்த தன் அண்ணனைக் குடைந்து எடுத்து உண்மையைக் கொண்டுவந்துவிட்டாள்.

“ஒண்ணும் பார்க்கிறது இல்லடி. ஆபீஸ்ல ஒரு கிளார்க் இருக்கார். அவர் முன்னாடி ரெண்டு ரப்பர் ஸ்டாம்பு. நீலம் ஏ, சிவப்பு பி. வரிசைல வர்றவங்க மூஞ்சியைக்கூட பார்க்க மாட்டாராம். நீலம், சிவப்பு, நீலம், சிவப்புன்னு குத்திக்கிட்டே போவாராம். குத்தினா குத்தினதுதான். அப்புறம் ஹெட்மிஸ்ட்ரஸ் சொன்னாக்கூட மாறாதாம்.”

“அப்போ நாம பக்கத்துல பக்கத்துல நின்னா?”

“போச்சு. நீ ஒண்ணு, நான் ஒண்ணு. நடுவுல ஒரு ஆள் இருக்கணும். ஒண்ணு, இல்லன்னா மூணு. ரெண்டு வந்தா தொலைஞ்சோம்.”

அந்தக் கோடை விடுமுறை முழுக்க அவர்கள் இதைப் பயிற்சி செய்தார்கள் என்றால் சிரிக்காதீர்கள். வீட்டு வாசலில் கிடக்கும் செருப்புகளையெல்லாம் வரிசையாக வைத்து, பெரியம்மா கிளார்க்காக உட்கார்ந்து கட்டை விரலால் குத்திக்கொண்டே போவாள். நடுவில் யாராவது புகுந்தால் என்ன செய்வது என்பதற்கும் வழி வைத்திருந்தாள். முன்னால் நிற்கிறவள் தனக்குப் பின்னால் இருப்பவரை முன்னே விட்டுவிட்டு ஒரு அடி பின்னால் வந்துவிட வேண்டும். கணக்கு சரியாகிவிடும். “நான்தான் முன்னாடி நிப்பேன். நீ சும்மா நில்லு போதும். உனக்கு அதெல்லாம் வராது.”

அந்த நாளும் வந்தது. பெரியம்மா, பஸ் ஓட்டும் அவள் அப்பாவோடு வந்திருந்தாள். பொட்டலம் வெள்ளை யூனிஃபார்மில் இருந்த அம்மாவோடு. அம்மா நிமிஷத்துக்கு ஒரு தரம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீளத் தாழ்வாரம், சுவரில் பாதி உயரத்துக்குப் பச்சை பெயின்ட், முனையில் ஒரு ஜன்னல், ஜன்னலுக்குப் பின்னால் கிளார்க்கின் வழுக்கை. டொக், டொக் என்று ஸ்டாம்பு விழும் சத்தம் இங்கேவரை கேட்டது. பேக்கரி வைத்திருந்த ஒருவரும் அவர் மகனும் வந்து சேரும்வரை பொட்டலத்தை வரிசையில் நிற்கவிடாமல் பெரியம்மா கண்ணைக் காட்டிக்கொண்டே இருந்தாள். அவர்கள் அவளுக்குப் பின்னால் நின்றதும் தலையாட்டினாள். பொட்டலம் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அவர்களுக்குப் பின்னால் நின்றாள். நடுவில் ஒரு ஆள். செருப்புக் கணக்குப்படி எல்லாம் கச்சிதம்.

பேக்கரிக்காரர் நல்ல மனிதர். பொழுது போகாமல் திரும்பி, “பாப்பா பேர் என்ன?” என்று கேட்டார்.

பொட்டலத்துக்குப் பள்ளிப் பதிவேட்டில் அழகான ஒரு பெயர் இருந்தது. பெரிய பள்ளியில் யாராவது கேட்டால் அதைத்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்து வைத்திருந்தாள். குளியலறையில் அதையும் சொல்லிப் பார்த்திருந்தாள். வாயைத் திறந்தாள்.

“பொட்டலம்” என்றாள் பெரியம்மா, திரும்பாமலேயே.

பேக்கரிக்காரர் சிரித்தார். மகன் சிரித்தான். முன்னால் நின்ற இரண்டு குடும்பம் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அம்மாகூடச் சிரித்தாள். பொட்டலத்துக்கு ஆண்டு விழா அன்று எரிந்த அதே இடத்தில் எரிந்தது. இந்த முறை அது அழுகை இல்லை என்று தெரிந்தது.

சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் அந்தப் பெண் வந்தாள், காய்ச்சல் குழந்தையோடும் இன்னொரு கையில் ஆறாம் வகுப்புக்கு நின்ற மகளோடும். பொட்டலம் அந்தக் குழந்தையைப் பார்த்தாள். பாவமாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பாவத்துக்கு முன்னாலேயே கணக்கு வந்துவிட்டது. நடுவில் ஒன்று, இந்தப் பெண் வந்தால் இரண்டு.

“அக்கா, எனக்கு முன்னாடி நில்லுங்க.”

அம்மா அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள். கண் கலங்கினாள். தாழ்வாரமே அந்தக் குழந்தை மனசைப் பாராட்டியது. பெரியம்மா திரும்பிப் பார்த்தாள்.

பொட்டலம் தலையைக் குனிந்துகொண்டாள். அடுத்து என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். பெரியம்மா பேக்கரிக்காரரை முன்னே விட்டுவிட்டு ஒரு அடி பின்னால் வருவாள், அதோடு முடிந்தது. டொக், டொக் என்று வரிசை நகர்ந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தபோது பெரியம்மாவின் அப்பா தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டிருந்தார். நீலம். பேக்கரிக்காரர் மகனுக்குச் சிவப்பு. அந்தப் பெண்ணின் மகளுக்கு நீலம். பொட்டலத்தின் தாளில் சிவப்பு மை இன்னும் காயாமல் இருந்தது.

வெளியே பெரியம்மா நின்றுகொண்டிருந்தாள். மழை பெய்தால் மழையைத் திட்டுகிறவள், கல் தடுக்கினால் கல்லைத் திட்டுகிறவள், அன்று யாரையும் திட்டவில்லை. “சரி விடு. நடுவுல ஒரு சுவர்தானே” என்றாள். அவள் கவனிக்கவில்லை, கணக்கில் கோட்டை விட்டுவிட்டாள், தப்பித்தோம் என்று பொட்டலம் நினைத்தாள்.

பி பிரிவில் முதல் நாள், டீச்சர் பதிவேட்டைப் பார்த்து அந்த அழகான பெயரைக் கூப்பிட்டார். அது தன்னைத்தான் என்று புரியவே பொட்டலத்துக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று. பக்கத்தில் யாரும் அவளுக்காகப் பதில் சொல்லவில்லை. சொல்ல மாட்டார்கள் என்று தெரிந்ததும் அவளே எழுந்து, “உள்ளேன் டீச்சர்” என்றாள். அந்த வருஷ ஆண்டு விழாவில் ஒரு வரி முழுங்காமல் அதே பாட்டை ஒப்பித்தாள். யாரும் அவளைப் பொட்டலம் என்று கூப்பிடவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைத்து என்ன பயன்?

ஆனால் இரண்டாம் வாரம் தண்ணீர் குடிக்கப் போகும்போது ஏ பிரிவு ஜன்னல் வழியாகப் பார்த்தாள். மூன்று பேர் உட்காரும் பெஞ்சுகள். பெரியம்மா கடைசிப் பெஞ்சில் ஓரமாகத் தனியாக உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். முழங்கை இடிக்கிறது என்று பக்கத்தில் இருந்தவர்கள் புகார் சொல்லி, அங்கே மாற்றிவிட்டார்களாம். அவளுக்கு வலது பக்கம் பலகை காலியாகக் கிடந்தது. அழிரப்பரை அவள் அதன் நடுவில் வைத்திருந்தாள். பொட்டலம் அன்று வீட்டுக்கு வந்து சோற்றைத் தொடவில்லை. நாளைக்குச் சொல்லிவிடுகிறேன் என்று நினைத்தாள். அந்த ‘நாளைக்கு’ எட்டாம் வகுப்பு முடியும்வரை வரவே இல்லை. இடைவேளையில் குழாயடியில் பார்த்துக்கொள்வார்கள், சிரிப்பார்கள், பிறகு அதுவும் குறைந்தது. எட்டாம் வகுப்பு முடிந்ததும் பெரியம்மாவின் அப்பாவுக்கு வேறு டெப்போ போட்டார்கள். சாமான் ஏற்றிய வேனுக்குள்ளிருந்து இடது கை ஆடியது. அவ்வளவுதான்.

அந்த இடது கைதான் இன்று சாயங்காலம் அழைப்பு மணியை அழுத்தியது. கல்யாணமாகி, ஒரு கம்பெனியில் முப்பது பேரை மேய்த்துக்கொண்டு, தலையில் நாலு நரையோடு. “இந்தப் பக்கம் ஒரு வேலை. அம்மா உயிரோட இருக்காங்களான்னு பார்க்க வந்தேன்” என்றாள். அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். டீ போட்டார்கள். “அவளுக்குச் சர்க்கரை கம்மியா போடுங்க” என்றாள் பெரியம்மா, பழைய ஞாபகத்தில். சரியாகத்தான் சொன்னாள். டீ ஆறுவதற்குள் அம்மா வரிசைக்கு வந்துவிட்டாள்.

பொட்டலம் எழுந்து சமையலறைக்கு வந்து, கழுவிய டம்ளரையே மறுபடி கழுவினாள். கூடத்தில் கதை முடிகிற சத்தம் கேட்டது. “எம்பொண்ணுக்கு என்ன மனசுன்னு அன்னிக்குத்தான்...” காலடிச் சத்தம். பெரியம்மா எச்சில் டம்ளர்களோடு வந்து தொட்டியின் இடது பக்கம் நின்றாள். கேட்காமலே ஒன்றை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். முழங்கையும் முழங்கையும் முட்டவில்லை.

இன்று சொல்லாவிட்டால் இனி ஒருநாளும் சொல்லப்போவதில்லை என்று பொட்டலத்துக்குத் தெரிந்தது. சொன்னால் இவள் டம்ளரை வைத்துவிட்டுப் போய்விடக்கூடும். பிறகு அந்த ஐந்து வருஷமும்கூடத் தனக்குச் சொந்தமில்லாமல் போய்விடும்.

“அம்மா சொல்ற மாதிரி இல்ல அது” என்றாள். “பாவம் பார்த்து விடலை. கணக்குப் பண்ணித்தான் விட்டேன். ரெண்டு பேர் ஆகட்டும்னுதான்.”

பெரியம்மா டம்ளரைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

“தெரியும்” என்றாள்.

“என்ன தெரியும்?”

“செருப்பை வச்சு ரெண்டு மாசம் சொல்லிக் கொடுத்தவ நானு. எனக்குத் தெரியாதா? திரும்பிப் பார்த்தேன், ரெண்டு பேர். ஒரு அடி பின்னாடி வந்தா போதும். ‘மாமா, நீங்க முன்னாடி போங்க’ன்னு சொல்ல வாயைக்கூட தொறந்துட்டேன்.”

“அப்புறம் ஏன் வரலை?”

“நீ தலையைக் குனியுறதுக்கு முன்னாடி உன் மூஞ்சியைப் பார்த்துட்டேனே. பயந்துபோய் இருந்தே. ஆனா அஞ்சு வருஷத்துல அப்படி ஒரு மூஞ்சியை நான் பார்த்ததே இல்ல. நீயே, என்னைக் கேக்காம, ஒண்ணு செஞ்சுட்ட மூஞ்சி.” அவள் டம்ளரைக் கவிழ்த்தாள். “அதைப் போய்க் கெடுக்க மனசு வரலை.”

குழாய் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. இருவரும் மூடவில்லை.

“கோவம் வரலையா?”

“வராம? ஒரு வாரம் போர்வைக்குள்ள அழுதேன். ஆண்டு விழால நீ ஒப்பிச்சதைக் கேட்டுட்டு இன்னொரு தடவை அழுதேன். ரெண்டு வரி, நான் முழுங்கினேனே, அதையும் சொன்னே நீ.” பெரியம்மா மூக்கை உறிஞ்சினாள். “நீயா ஒருநாள் சொல்லுவேன்னு இருந்தேன். முப்பது வருஷம் எடுத்துக்கிட்டே.”

பிறகு அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, திரும்பி நின்று, பதிவேட்டில் இருந்த அந்த அழகான பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாக. நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக, சரியாக வருகிறதா என்று பார்ப்பது போல.

முப்பது வருஷமாக ஊரெல்லாம் கூப்பிடுகிற பெயர்தான். ஆபீஸில், வங்கியில், மாமியார் வீட்டில், எல்லா இடத்திலும் அதுதான். இவள் வாயிலிருந்து வந்தபோது யாரோ மூன்றாம் மனுஷியைக் கூப்பிட்டது போல இருந்தது. அழக்கூடாது என்று எவ்வளவோ பார்த்தாள், முடியவில்லை.

“வேண்டாம்” என்றாள். “நீ பொட்டலம்னே கூப்பிடு.”